தெரிந்தவருக்கே வீடு விட்டாலும்...

தோட்ட லயத்தில் வளர்ந்தவர்களுக்கு வீடு என்பது வேலையோடு வந்தது. வேலை முடிந்ததும் கையைவிட்டுப் போனது. அதனால்தான் எங்கள் பாகான் டத்தோ பக்கம் சேமநிதிப் பணம் கைக்கு வந்ததும் பலர் முதலில் தேடுவது சொந்த வீடு. இப்போது அவர்களின் பிள்ளைகள் கிள்ளானிலும் கோலாலம்பூரிலும் வேலை பார்த்துக்கொண்டே, ஊரில் இன்னொரு வீடு வாங்கி வாடகைக்கு விடலாமா என்று யோசிக்கிறார்கள். வானொலியில் பேசுகிற ஆள் என்பதால் கல்யாண வீட்டில்கூட என்னிடம் இதைக் கேட்கிறார்கள். நான் வீட்டு ஏஜெண்ட் இல்லை. ஆனால் எங்கள் குடும்பம் பட்டுத் தெரிந்துகொண்டது கொஞ்சம் உண்டு.

என் சித்தப்பா சேமநிதிப் பணத்தில் ஊத்தான் மெலிந்தாங்கில் ஒரு வரிசை வீடு வாங்கினார். வாடகைக்கு வந்தவர் தெரிந்த குடும்பத்துப் பையன். "நம்ம பிள்ளைக்கு எதுக்குப்பா அக்ரிமெண்ட்?" என்றார் சித்தப்பா. முதல் வருடம் வாடகை ஒழுங்காக வந்தது. பிறகு ஒரு மாதம் தள்ளிப்போனது; அப்படியே ஏழு மாதமானது. கோயிலில் எதிரெதிரே வந்தால் இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருநாள் கோபத்தில் பூட்டை மாற்றக் கிளம்பிய சித்தப்பாவைத் தம்பிதான் தடுத்தான். வாடகை தராவிட்டாலும் நீதிமன்ற உத்தரவு இல்லாமல் வீட்டுக்காரர் ஆளை வெளியேற்ற முடியாது. 1950ஆம் ஆண்டின் குறிப்பிட்ட நிவாரணச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. கடைசியில் பையன் தானாகவே போனார். மின்கட்டண பாக்கி சித்தப்பா பெயரில் நின்றது. இரண்டு குடும்பங்களுக்கும் இன்றுவரை பேச்சு இல்லை.

பையன் கெட்டவர் இல்லை. வேலை போனதைச் சொல்ல வெட்கப்பட்டார். கேட்கச் சித்தப்பா கூச்சப்பட்டார். அந்தக் கூச்சத்தின் விலை ஏழு மாத வாடகை.

ஒப்பந்தத்துக்கு ஆகும் செலவு அதிகமில்லை. மாத வாடகை 800 ரிங்கிட் என்றால் ஆண்டுக்கு 9,600. ஓராண்டு ஒப்பந்தத்துக்கு 250 ரிங்கிட்டுக்கு ஒரு ரிங்கிட் கணக்கில் முத்திரை வரி 39 ரிங்கிட்தான். முதல் 2,400 ரிங்கிட்டுக்கு இருந்த விலக்கு 2025 தொடக்கத்தில் நீக்கப்பட்டுவிட்டது. கையெழுத்தான 30 நாளுக்குள் முத்திரையிட வேண்டும். முத்திரை இல்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்காது. இரண்டு மாத வாடகை முன்பணம், தண்ணீர், மின்சாரத்துக்கு அரை மாதம் என்பது வழக்கம். மின்கணக்கை வாடகைக்கு வருபவர் பெயருக்கே மாற்றிவிடுங்கள். சாவி கொடுக்கும் நாளில் அறை அறையாகப் படம் எடுத்து இருவரும் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே நிறுவனங்கள் அந்நியத் தொழிலாளர்களைத் தங்கவைக்கவும் வீடு கேட்கும். வாடகை கூடுதலாக வரும் என்று அவசரப்படாதீர்கள். தங்குமிடச் சான்றிதழ் இருக்கிறதா, தங்குபவர்களுக்குச் செல்லுபடியாகும் பெர்மிட் இருக்கிறதா என்று பாருங்கள். சட்டவிரோதக் குடியேறியைத் தங்கவிட்டால் தலைக்கு 5,000 முதல் 30,000 ரிங்கிட் வரை அபராதம், சிறையும் உண்டு.

வாங்கும் முன்பே கேட்க வேண்டிய கேள்விகளும் இருக்கின்றன. நிலப்பட்டாவில் குத்தகை எத்தனை ஆண்டு மிச்சம்? மலாய் ஒதுக்கீட்டு நிலமா? விற்கத் தடை ஏதும் எழுதியிருக்கிறதா? நில அலுவலகத்தில் தேடிப் பார்த்தால் தெரிந்துவிடும். பெரிய அலை ஏறும் நாளில் தண்ணீர் எதுவரை வருகிறது என்பதை மட்டும் பக்கத்து வீட்டு அக்காவிடம் கேளுங்கள்.

பிறகு கணக்கு. தவணை 1,000, வாடகை 800 என்றால் மாதம் 200 உங்கள் சம்பளத்திலிருந்து போகிறது. வீடு இரண்டு மாதம் காலியாகக் கிடந்தால் வருடத்துக்கு 4,000. மதிப்பீட்டு வரி, பழுதுபார்ப்பு எல்லாம் தனி. நெடுஞ்சாலை வந்துவிட்டது, ஊர் வளரும், விலை ஏறும் என்பது உண்மையாகலாம்; ஆனால் அடுத்த மாதத் தவணையை அது கட்டாது. ஐந்து ஆண்டுக்குள் விற்றால் லாபத்தில் 15 முதல் 30 விழுக்காடு வரை சொத்து ஆதாய வரியும் போகும். வாடகை வருமானத்தையும் வருமான வரியில் காட்ட வேண்டும். கடன் வட்டி, மதிப்பீட்டு வரி, பழுதுச் செலவு ஆகியவற்றைக் கழித்துக்கொள்ளலாம். ரசீதுகளை ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள்.

கணக்கு ஒத்துவந்தால் தாராளமாக வாங்குங்கள். ஆனால் சாவியைக் கொடுக்கும் முன் ஒரு கேள்வியை வாய்விட்டுக் கேட்டு, பதிலை எழுதிக்கொள்ளுங்கள்: "தம்பி, ஒரு மாசம் கட்ட முடியாமப் போனா என்ன செய்யலாம்?" முதல் நாளில் இதைச் சிரித்துக்கொண்டே பேசிவிடலாம். எட்டாவது மாதத்தில் முடியாது.