குதிகாலில் ஒரு குத்து

கொஞ்ச நாளா இந்தப் பக்கமே வரல. செமஸ்டர் ஒரு காரணம். இன்னொரு காரணம் அக்கா பொண்ணு. அடுத்த மாசம் அவளுக்கு மூணு வயசு முடியுது. அதுக்கப்புறம் தைராய்டு மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாம்னு டாக்டர் சொல்லியிருக்கார். வீட்ல யாரும் அதைப் பத்திப் பேசறதில்ல. அதான் இங்க எழுதறேன். கொஞ்சம் பெரிய பதிவு, பொறுத்துக்கங்க.

அக்காவுக்கு ஆவடியில ஒரு நர்சிங் ஹோம்ல பிரசவம். தூத்துக்குடியில இருந்து ஆச்சி வந்து இறங்கினதும் என்னைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை, "ஏலே, ஒனக்குப் பொண்டாட்டி பொறந்துட்டா." தாய்மாமன்களுக்கு இது பழகின கிண்டல்தான், நானும் வழிஞ்சேன். அந்தக் கிண்டலுக்குள்ள ஒரு ஜெனடிக்ஸ் பாடம் இருக்குன்னு அப்போ தெரியாது. அதுக்கு அப்புறம் வர்றேன்.

மூணாவது நாள் டிஸ்சார்ஜ். கிளம்பறதுக்கு முன்னாடி குழந்தையோட குதிகால்ல ஊசியால குத்தி, ஒரு தடிமனான அட்டையில வட்டம் வட்டமா ரத்தத்தை ஊற விட்டு எடுத்துட்டுப் போனாங்க. எதுக்குன்னு நாங்களும் கேக்கல, அவங்களும் சொல்லல. பில்லுல அதுக்கு ஒரு வரி இருந்தது. அத்தான் "இதுக்குமா?"ன்னு முணுமுணுத்துட்டே கட்டினார்.

ஏழாம் நாள் போன் வந்தது. டி.எஸ்.எச் அதிகமா இருக்கு, இன்னிக்கே குழந்தையைக் கூட்டிட்டு வாங்க, கையில இருந்து ரத்தம் எடுத்து இன்னொரு தடவை பார்க்கணும்னாங்க.

அப்பா, "எல்லாம் காசு புடுங்கற வேலை"ன்னார். ஆச்சி மடியில குழந்தை சொக்கித் தூங்கிட்டிருந்தா. "அழவே மாட்டேங்கா. தங்கமான புள்ள. இதுக்குப் போயி நோய்ங்கான்!" அப்புறம் எல்லாரும் என் பக்கம் திரும்பினாங்க. நான் அப்போ பி.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரி முதல் வருஷம். "நீ அதைத்தானல படிக்க, சொல்லு."

எனக்கு ஒண்ணும் தெரியல. அதுதான் உண்மை. தைராய்டுன்னா குண்டாவாங்க, கழுத்து வீங்கும், அவ்வளவுதான் அப்போ தெரியும். ஏதோ பெரிய மனுஷன் மாதிரி "எதுக்கும் போயிட்டு வந்துடலாம்"னு மட்டும் சொன்னேன். நல்லவேளை, அதைச் சொன்னேன்.

இப்போ தெரிஞ்சதைச் சொல்றேன். எங்க வீட்டு மொட்டை மாடித் தொட்டியில தண்ணி தீர்ந்தா அம்மா கீழ இருந்து "மோட்டார் போடு"ன்னு குரல் கொடுப்பாங்க. போடலேன்னா குரல் ஏறும். நம்ம தலைக்குள்ள இருக்கற பிட்யூட்டரி சுரப்பிதான் அந்த அம்மா. அவங்க குரல்தான் டி.எஸ்.எச். கழுத்துல இருக்கற தைராய்டு, மோட்டார். அது இறைக்கற தண்ணி தைராக்சின். ரத்தத்துல தைராக்சின் குறையக் குறைய டி.எஸ்.எச் கத்திட்டே போகும். சாதாரணமா முதல் சோதனையில 20ஐத் தாண்டினாலே கூப்பிட்டு விசாரிப்பாங்க. எங்க குட்டிக்கு 100ஐத் தாண்டிப் போயிருந்தது.

(இதுல ஒரு சின்ன விஷயம். வயித்துக்குள்ள இருந்து வெளிய வந்த முதல் நாள் எல்லாக் குழந்தைக்கும் டி.எஸ்.எச் கொஞ்ச நேரம் எகிறித்தான் இறங்கும். அதனால ரெண்டு மூணு நாள் கழிச்சு எடுத்தா தேவையில்லாத பதற்றம் குறையும். ஆனா சீக்கிரம் டிஸ்சார்ஜ் ஆகறாங்கன்னு எடுக்காமலே விட்டுடறதுக்கு, முன்னாடியே எடுத்துடறது எவ்வளவோ மேல்.)

சரி, அழாத குழந்தைக்கு வருவோம். பிறவியிலேயே தைராய்டு குறைவா இருக்கற குழந்தை பிறக்கும்போது பெரும்பாலும் மத்த குழந்தை மாதிரியேதான் இருக்கும். அம்மாவோட ஹார்மோன் கொஞ்சம் வயித்துக்குள்ள போயிருக்கும், அது காப்பாத்திட்டிருக்கும். அப்புறம் மெதுவா ஒவ்வொண்ணா வரும். நிறைய தூங்கும். பாலுக்கு எழுப்பணும். மலச்சிக்கல், நாள்பட்ட மஞ்சள் காமாலை, கரகரன்னு அழுகை, கொஞ்சம் பெரிய நாக்கு, தொப்புள் பிதுக்கம். இதுல பாதியை நம்ம வீடுகள்ல பாராட்டாத்தான் சொல்லுவோம். தொந்தரவே குடுக்கல, ராத்திரி பூரா தூங்கறான், சமத்து! யாருக்காவது சந்தேகம் வர்றதுக்குள்ள மாசங்கள் ஓடிடும். மூளை வளர்ற காலம் முதல் ரெண்டு மூணு வருஷம். அதுலயும் முதல் சில வாரம் ரொம்ப முக்கியம். அப்போ தைராக்சின் இல்லாம போனா பின்னாடி எவ்வளவு மாத்திரை குடுத்தாலும் போன அறிவு வளர்ச்சி முழுசா திரும்பாது. முதல் ரெண்டு வாரத்துக்குள்ள ஆரம்பிச்சா பெரும்பாலும் மத்த பிள்ளைங்க மாதிரியே வளரும். ஒரே நோய், ஒரே மாத்திரைதான். ஆரம்பிக்கற நாள்ல இருக்கு எல்லாமே.

அந்த அட்டைக்குப் பின்னாடி ஒரு அப்பா இருக்கார். அமெரிக்காவுல ராபர்ட் குத்ரின்னு ஒரு விஞ்ஞானி. அவர் மகனுக்கு மனவளர்ச்சிக் குறைபாடு. மனைவி வழியில ஒரு பெண் குழந்தைக்கு பி.கே.யூ.ங்கற வேற ஒரு பிறவி நோய், அதுவும் மூளையைத் தாக்கறது. 1960களோட தொடக்கத்துல, காய்ஞ்ச ரத்தப் பொட்டுல இருந்தே அந்த நோயைக் கண்டுபிடிக்க வழி பண்ணினார். அட்டைதானே, தபால்லயே அனுப்பலாம். அடுத்து கனடாவுல கியூபெக்ல ழான் துசோ, அதே மாதிரிப் பொட்டுல தைராக்சினை அளக்கலாம்னு 1973ல காட்டினார். அங்கிருந்துதான் உலகம் பூரா பரவினது.

நம்ம ஊர்ல? இதைத் தேடினப்பதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் டெல்லி, மும்பை, சென்னை, ஹைதராபாத், கொல்கத்தான்னு அஞ்சு மையங்கள்ல 1,04,066 பச்சக் குழந்தைகளைச் சோதிச்சு 2018ல முடிவை வெளியிட்டது. மொத்தத்துல 1130 குழந்தைக்கு ஒண்ணுக்குப் பிறவித் தைராய்டு குறைவு. சென்னையில மட்டும் எடுத்தா 727க்கு ஒண்ணு! அஞ்சு ஊர்ல நாமதான் முதல். எங்க காலேஜ்ல ஒரு வருஷம் சேர்ற கூட்டமே கிட்டத்தட்ட அவ்வளவு இருக்கும். ஒவ்வொரு பேட்ச்லயும் ஒருத்தர்.

அதே ஆய்வுல அட்ரீனல் சுரப்பியில வர்ற இன்னொரு பிறவிக் கோளாறையும் பார்த்தாங்க. உடம்பு உப்பைத் தக்க வெக்க முடியாம, ரெண்டாவது வாரத்துலயே குழந்தை வாந்தி எடுத்துத் துவண்டு போய் உயிருக்கே ஆபத்தாகற வகையும் அதுல உண்டு. மொத்தத்துல 5762க்கு ஒண்ணு, சென்னையில 2036க்கு ஒண்ணு. இங்கயும் நாமதான் முதல்.

ஏன் நாம? இங்கதான் ஆச்சியோட கிண்டல் திரும்ப வருது. அட்ரீனல் கோளாறு வரணும்னா அப்பா அம்மா ரெண்டு பேர்கிட்ட இருந்தும் பழுதான ஜீன் வரணும். ரெண்டு பேரும் சுமந்தா ஒவ்வொரு குழந்தைக்கும் நாலுல ஒரு பங்கு வாய்ப்பு. தைராய்டு சரியான இடத்துல இருந்தும் ஹார்மோன் செய்யத் தெரியாம போற வகை பெரும்பாலும் இதே கதைதான். (சுரப்பியே இல்லாம போறது, நாக்கடியில உருவாகிக் கழுத்துக்கு இறங்கற வழியிலயே நின்னுடறது... இதெல்லாம் வேற, பெரும்பாலும் சொந்தத்துல கட்டறதுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல.) தாய்மாமனையோ அத்தை மகனையோ கட்டினா ரெண்டு பக்கமும் ஒரே தாத்தா பாட்டி ஜீன் சந்திக்க வாய்ப்பு ஜாஸ்தி. எங்க அத்தான் அப்பாவோட கூடப்பிறந்த அக்கா மகன். எங்க குட்டிக்கு ஸ்கேன்ல தைராய்டு இருக்கற இடத்துலயே இருந்தது. இதை நான் வீட்ல சொல்லல. அக்கா தன்னைத்தானே குத்தம் சொல்லிக்குவா. அவளுக்கு எது காரணம்னு உறுதியாத் தெரியாதப்போ நான் எதுக்கு வாயைக் குடுக்கணும்?

அப்பாவுக்கு வேற கோபம். தாத்தா தூத்துக்குடி உப்பளத்துல வேலை பார்த்தவர். "உப்பளத்துக்காரன் வீட்ல தைராய்டா? கடலுப்புல இல்லாத அயோடினா?" இல்லைப்பா. கடல் உப்புல இயற்கையா அயோடின் கிட்டத்தட்ட ஒண்ணும் இருக்காது, பின்னாடி சேர்க்கறதுதான். அதோட அவளுக்கு அயோடின் இல்லாத பிரச்சினை இல்ல. அயோடின் இல்லாத பிரச்சினைக்கு இமயமலை அடிவாரத்துல காங்ரா பள்ளத்தாக்குக்குப் போகணும். 1956ல டாக்டர் வி. ராமலிங்கசாமி குழு அங்க பகுதியைப் பிரிச்சு, ரெண்டு பகுதிக்கு அயோடின் சேர்த்த உப்பும் ஒண்ணுக்கு வெறும் உப்பும் குடுத்தாங்க. அயோடின் போன இடத்துல பிள்ளைங்க கழுத்துக் கழலை பாதியா குறைஞ்சது, மத்ததுல குறையல. 1962ல தேசிய கழலைத் தடுப்புத் திட்டம் வந்ததுக்கு அதுதான் ஆதாரம். இதை அப்பாகிட்ட சொன்னேன். கேட்டுட்டு, "அப்ப நம்ம உப்பு மேல தப்பில்ல?"ன்னார். இல்லைன்னேன். முகத்துல ஒரு நிம்மதி!

ஒம்பதாவது நாள் மாத்திரை ஆரம்பிச்சோம். பொடி பண்ணி, கொஞ்சூண்டு தாய்ப்பால்ல குழைச்சு, ஸ்பூன்ல. முதல் ரெண்டு வாரத்துலயே வித்தியாசம் தெரிஞ்சது. ராத்திரி ரெண்டு மணிக்கு வீடே அதிர அழ ஆரம்பிச்சா. அத்தான் கண்ணைத் தேச்சுட்டே தூக்கிட்டு நடப்பார். அக்கா மட்டும் சிரிச்சா. முதல் வருஷம் பூரா மாசம் ஒண்ணு ரெண்டுக்கு ஒரு தடவை ரத்தப் பரிசோதனை, எடை ஏற ஏற மாத்திரை அளவு மாத்தறது. காலையில வெறும் வயித்துல குடுக்கற வேலை இன்னிவரைக்கும் ஆச்சியோடது. ஒரு நாள் தவறினதில்ல.

கோவாவுல அரசே 2008ல பச்சக் குழந்தைச் சோதனையை ஆரம்பிச்சது. கேரளாவுல அரசு ஆஸ்பத்திரிகள்லயே எடுக்கறாங்க. உங்க வீட்ல, பக்கத்து வீட்ல யாராவது மாசமா இருந்தா, குதிகால் ரத்தம் எடுப்பீங்களான்னு டாக்டர்கிட்ட முன்னாடியே கேட்டு வெச்சுக்கச் சொல்லுங்க. ரிசல்ட்டையும் கேட்டு வாங்கச் சொல்லுங்க. எங்களுக்குப் போன் வந்தது. அந்த நம்பரை பாரத்துல எழுதினப்ப அத்தான் ஒரு எண்ணை மாத்திப் போட்டிருந்தா?

அடுத்த மாசம் ஒரு நாலு வாரம் மாத்திரை கிடையாது. அப்புறம் ரத்தம் எடுப்பாங்க. டி.எஸ்.எச் அடங்கியே இருந்தா தற்காலிகக் குறைதான், மாத்திரைக்கு டாட்டா. எகிறினா ஆயுசுக்கும் தொடரணும். மூணு வயசுக்கப்புறம் நாலு வாரம் நிறுத்தறதுல மூளைக்கு ஒண்ணும் ஆகாது, அதுக்குத்தான் மூணு வயசு வரைக்கும் காத்திருக்கறதேன்னு ஆச்சிக்கு நாலு தடவை சொல்லிட்டேன். தலையாட்டறாங்க. ஆனா டப்பாவை மட்டும் பீரோவுக்குள்ள வெக்க விட மாட்டேங்கறாங்க. அடுப்படி அலமாரியிலயே இருக்கட்டுமாம்.

குட்டி இப்போ பக்கத்து ரூம்ல ஏதோ ஒரு பொம்மைக்காகக் கத்திட்டிருக்கா. போய்ப் பார்க்கறேன்.