படையலுக்கு வந்த பந்து

கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவனுக்குப் பெரியாறு நதியாக அறிமுகமாவதில்லை. வாய்க்காலாகவும், மடையாகவும், இரண்டு போக நெல்லாகவும், சில வருஷங்களில் வந்து சேராத தண்ணீராகவும் அறிமுகமாகிறது. பென்னிகுயிக் துரை 1895இல் கட்டி முடித்த அணை, மேற்கே போக வேண்டிய நீரை மலையைக் குடைந்து எங்கள் பக்கம் திருப்பிவிட்டது என்று பள்ளிக்கூடத்தில் படித்து, தைப்பொங்கலன்று அவர் படத்துக்கு மாலை போடுகிற ஜனங்களுக்கு நடுவே வளர்ந்த நான், அதே அணைக்குக் கீழே, மெலிந்து ஓடுகிற அதே ஆற்றின் கரையில் இருக்கும் கேரளத்து வண்டிப்பெரியாருக்குப் புறப்பட்டபோது, வாதத்துக்கு வேண்டிய சகல ஆயத்தங்களோடும்தான் புறப்பட்டேன். அணைத் தகராறில் குமுளி எல்லை அடைபட்டுக் கிடந்த 2011 டிசம்பர் நாட்களும், 142 அடி வரை நீரைத் தேக்கலாம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பும் எங்கள் ஊர்த் தேநீர்க்கடைகளில் இன்னும் ஆறிப்போகாத விஷயங்கள். அணைக்கு ஏதாவது நேர்ந்தால் முதலில் போவது தாங்கள்தான் என்ற பயத்தோடு ஒவ்வொரு மழைக்காலத்தையும் கழிக்கிறவர்களின் ஊர் அது. எனவே யாராவது ஒருவர் என்னிடம் சண்டைக்கு வந்தே தீருவார் என்று எதிர்பார்த்தேன். சண்டை வந்தது, ஆனால் அதில் தண்ணீரும் இல்லை, நானும் இல்லை. போன வருஷம் இறந்துபோன ஒரு தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் படத்துக்கு முன்னால், படையல் இலையில், ஒரு வாலிபால் பந்தை வைக்கலாமா கூடாதா என்பதே அந்தச் சண்டை.

என்னை அங்கே கொண்டு சேர்த்தவர் ஓர் ஆட்டோக்காரர். கடைத்தெருவில் மழைக்கு ஒதுங்கி நின்ற என்னை ஏற்றிக்கொண்டு, பாலத்தைத் தாண்டியதும் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, "சார், இன்னிக்கு அப்பாவுக்கு வருஷம். வண்டி ஓட்ட வேண்டாம்னுதான் இருந்தேன். நம்ம பக்கத்துத் தமிழ் பேசினீங்க, ஏத்திட்டேன். வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்களேன்" என்றார். அவருடைய பாட்டனாரின் தகப்பனார் கங்காணியின் முன்பணத்துக்குக் கைநாட்டு வைத்துவிட்டுச் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து மலையேறி வந்தவராம். 1956இல் மொழிவாரியாக ராஜ்யங்களைப் பிரித்தபோது, பீர்மேடும் தேவிகுளமும் தமிழ் பேசும் பிரதேசங்கள் என்ற கோரிக்கை நிறைவேறாமல் அவை கேரளத்தோடு நின்றுவிட்டன. அந்த நிறைவேறாத கோரிக்கையின் துயரத்தைச் சுமந்துகொண்டு அலைகிறவர்களாகவே இங்குள்ள தமிழர்களை நான் பாவித்து வைத்திருந்தேன். அவரோ, போன தேர்தலில் யாருக்கு வாக்களித்தார் என்பதையும், ஓணத்துக்கு எடுத்த சட்டைக்கு என்ன விலை கொடுத்தார் என்பதையும் மலையாளம் கலந்த திருநெல்வேலித் தமிழில் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டு வந்தார். அனுதாபத்தை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல் நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களைப் பற்றி நான் படித்திருந்ததெல்லாம் துன்பக் கதைகள். ஒரே கூரையின் கீழ் ஒட்டிக் கட்டிய வீடுகள், தகரத்தில் மழை இரைச்சல், சுவரில் ஏறும் ஈரம் எல்லாம் அங்கே இருக்கத்தான் இருந்தன. நான் படிக்காத ஒன்றும் இருந்தது: லயத்துக்கு மேலே, சரிவை வெட்டிச் சமன்செய்த ஒரு வாலிபால் மைதானம். ஒரு பக்கம் ஆள் உயரத்துக்கு மண்சுவர். மறுபக்கம், கோட்டைத் தாண்டி நாலடி வைத்தால் கிடுகிடுவென்று இறங்கும் தேயிலைச் சரிவு. அந்தப் பக்கம் போன பந்து அடுத்த நம்பர் காட்டில்தான் நிற்குமாம். ஆகையால் எந்தப் பந்தயம் நடந்தாலும், பந்து எடுக்கவென்றே இரண்டு பையன்களைக் கீழே நிறுத்தி வைப்பார்களாம். தோட்டத் தொழிலாளர்களுக்கு வீடும் மருத்துவமும் மட்டுமல்ல, பொழுதுபோக்குக்கும் வசதி செய்து தர வேண்டும் என்று 1951ஆம் வருஷத்துச் சட்டமே சொல்லியிருந்தது. ஆனால் இந்த மைதானத்தை எந்தச் சட்டமும் வெட்டித் தரவில்லை, "அப்பாவும் கூட்டாளிகளும் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை மம்பட்டி பிடிச்சு வெட்டினது" என்றார் ஆட்டோக்காரர். மாசசூசெட்ஸில் மார்கன் என்னும் உடற்பயிற்சி ஆசிரியர் இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்ததும் அதே 1895ஆம் வருஷந்தான் என்பது அப்போது எனக்கு ஞாபகம் வந்தது. எங்கள் வயலுக்குத் தண்ணீர் வந்த வருஷத்தில், இவர்களுடைய சாயங்காலங்களுக்கு உரிய ஆட்டமும் உலகத்தின் மறுகோடியில் பிறந்திருக்கிறது.

வீட்டுக்குள் படம், விளக்கு, இலை. இலையில் அவித்த கப்பக்கிழங்கு, மத்திக் குழம்பு, ஒரு தம்ளரில் கட்டன் சாயா. மகன் அலமாரிக்குப் பின்னாலிருந்து, கடையிலிருந்து வந்த உறையைக்கூடப் பிரிக்காத ஒரு புதுப் பந்தை எடுத்து இலையோரமாக வைத்தார். அடுப்படியிலிருந்து வந்த அக்காள் அதைப் பார்த்தார். குனிந்து எடுத்துத் தம்பி கையில் திருப்பிக் கொடுத்தார்.

"இது இங்க வேணாம்."

"அப்பாவுக்கு இதைவிட என்னக்கா பிடிக்கும்?"

"அதனாலதான் வேணாங்கிறேன்."

விருந்தாளியாக வந்து ஐந்து நிமிஷம் ஆகாதவன், எழுந்து போகவும் முடியாமல், பார்க்காததுபோல் பாவனை செய்யவும் முடியாமல் சுவரைப் பார்த்தேன். சுவரில் பழம் பத்திரிகையிலிருந்து வெட்டிய ஜிம்மி ஜார்ஜின் படம் சட்டமிட்டுத் தொங்கியது. பேராவூர் என்னும் மலையோரத்து ஊரில், தாமே வாலிபால் ஆடிய ஒரு வக்கீல், தம் எட்டு மகன்களையும் ஆட்டக்காரர்களாக்கினார். அவர்களில் ஒருவர்தான் 21 வயதில் அர்ஜுனா விருது பெற்று, இத்தாலிக் கழகங்களுக்கு ஆடப் போய், 1987 நவம்பர் 30 அன்று அங்கேயே கார் விபத்தில் 32 வயதில் மாண்டுபோன ஜிம்மி ஜார்ஜ். "அப்பாவுக்கு இவருதான் சாமி" என்று மகன் என் பார்வையைப் பிடித்துக்கொண்டு பேச்சை வளர்த்தார். அவருடைய தகப்பனார் ஓங்கி அடிக்கிற ஆட்டக்காரர் அல்ல, குள்ளமான மனிதர், மற்றவன் அடிப்பதற்குத் தோதாகப் பந்தைத் தூக்கிக் கொடுக்கும் செட்டர். சமவெளியில் ஒரு பெரிய கம்பெனி டீமுக்கு அவரைக் கூப்பிட்டார்களாம்; போனவர் சில நாட்களில் திரும்பிவிட்டாராம். "எங்களை விட்டுட்டு இருக்க முடியலை சார். வேலை, பேரு, எல்லாத்தையும் வேணாம்னு வந்தாரு. தோட்டத்து வேலையை விட்டா இந்த வீடும் போயிருக்கும். ஆட்டத்துலயும் தூக்கித்தான் குடுத்தாரு, வீட்லயும் தூக்கித்தான் குடுத்தாரு."

"தூக்கிக் குடுத்தது பந்தை. நம்மளைத் தூக்கினது அம்மா" என்றார் அக்காள்.

பிறகு அவர் என் பக்கம் திரும்பி, ஒரு வழக்கின் பத்திரங்களை வரிசையாக எடுத்து வைப்பதுபோலப் பேசினார். வீடு ஒருபோதும் அப்பாவின் பெயரில் இருந்ததில்லை. கொழுந்தெடுக்கும் அம்மாவின் பெயரில்தான் இருந்தது. அம்மா ஓய்வு பெற்றதும் லயத்தைக் காலி செய்ய வேண்டி வருமே என்பதற்காக அந்த வேலையைத் தாம் ஏற்றுக்கொண்டதால் இப்போது தம் பெயரில் இருக்கிறது. ஆகவே வீடு போயிருக்கும் என்பது தம்பியின் கற்பனை. கம்பெனி டீமில் அப்பாவைப் பெஞ்சில் உட்கார வைத்தார்கள், இங்கே அவர் ராஜா, அதனால் திரும்பினார். பந்தயம் என்று புறப்பட்டால் இரண்டு நாள் கூலி போகும். அந்தக் குறையை, கணக்குக்கு மேலே பறிக்கிற கிலோவுக்குக் கிடைக்கும் காசில் அம்மா ஈடு செய்வாள். "பாசம் இருந்துது, இல்லைங்கலை. ஆனா சாயங்காலம் நாலு மணிக்கு மேல அந்தப் பாசம் எல்லாம் மேல கிரவுண்டுக்குப் போயிடும்."

இந்த மலைப்பகுதியை நினைத்தால் எனக்கு ஓர் ஆச்சரியம் உண்டு. கொம்பொடிஞ்ஞால் என்னும் சிற்றூரிலிருந்து புறப்பட்ட பீனாமோள் 2002இல் பூசான் ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் தங்கம் வென்றபோது, அவருடைய உடன்பிறந்த பினு ஆடவர் பிரிவில் அதே தூரத்துக்கு வெள்ளி வென்றார். முல்லக்கானத்துப் பிரீஜா ஸ்ரீதரன் 2010இல் குவாங்சோவில் 10,000 மீட்டரை முதலாவதாக ஓடி முடித்தார். பீர்மேட்டுக்குக் கீழே கோருத்தோட்டில், பட்டாளத்திலிருந்து வந்த கே.பி. தாமஸ் ஒரு கிராமப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை ஓடவும் தாண்டவும் பழக்கியே 2013இல் துரோணாச்சாரியார் விருது பெற்றார். சரிவும் மழையும் ஏழ்மையும் கால்களுக்கு வலுத் தருகின்றன என்று இதற்கு ஒரு சுலபமான காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது அந்தக் காரணம் எனக்குப் போதவில்லை. சரிவும் மழையும் லயத்துக்கும் பொது. ஏழ்மையோ இங்கே ஒரு படி அதிகம். ஆனால் தன் பெயரில் சிறிதளவாவது பூமி உள்ள குடியானவன், ஒரு பிள்ளையை மைதானத்துக்கு விட்டுவிட்டுக் காத்திருக்கலாம். குடியிருக்கும் கூரையே செக்ரோல் என்னும் வேலைப் பதிவேட்டில் விழும் பெயரைப் பொறுத்து நிற்கிற இடத்தில், ஒருவன் ஆட வேண்டுமானால் இன்னொருவர் குனிந்து கொழுந்தெடுத்தாக வேண்டும். இந்தக் கணக்கைத்தான் அக்காள் சொன்னார் என்று தோன்றியது. நான் மனத்துக்குள் அவர் கட்சியில் சேர்ந்துகொண்டேன்.

அக்காளோ தம் கட்சியிலேயே வெகுநேரம் நிற்கவில்லை. 2000க்குப் பிறகு தேயிலை விலை விழுந்து, பீர்மேட்டுப் பக்கத்தில் தோட்டங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்ட காலத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. கூலியும் இல்லை, கணக்கும் தீரவில்லை. அப்பா ஏலக்காட்டுக்கு வேலை தேடிப் போவார். ஞாயிற்றுக்கிழமைகளில் பந்தயத்துக்கோ வடம்வலி என்னும் கயிறிழுப்புக்கோ போவார். அந்தப் பந்தயங்களில் கோப்பையோடு ஏத்தன் குலையும் முட்டனாடு என்னும் ஆட்டுக்கடாவும் பரிசு. ஒரு முறை ராத்திரி பதினோரு மணிக்கு, பங்குக்கு வந்த வாழைக்குலையைத் தோளில் போட்டுக்கொண்டு நனைந்து வந்து நின்றாராம். "ஒரு வாரம் அதைத்தான் தின்னோம். பச்சையா இருக்கறப்போ அவிச்சு, பழுத்தப்புறம் பழமா. இன்னிவரைக்கும் எனக்கு ஏத்தன்பழம் பிடிக்காது" என்று சொல்லிச் சிரித்தார். அதற்குப் பிறகு, யாரும் கேட்காமலேயே, தாம் பள்ளிக்கூடம் போன விதத்தைச் சொல்லத் தொடங்கினார். விடியுமுன் மூடுபனியில் பஸ் நிற்கும் இடம் வரை அப்பா கூட வருவாராம். காட்டெருமை நிற்குமோ என்று உரக்கப் பாடிக்கொண்டே வருவாராம். பாட்டு வராத மனிதர், எம்.ஜி.ஆர். பாட்டும் யேசுதாஸ் பாட்டும் கலந்து ஒரே ராகத்தில் கத்துவாராம். பஸ்ஸில் ஏற்றிவிட்டுத் திரும்பி ஓட்டமாக ஓடி, தோட்டத்தில் ஆள்கணக்கு எடுக்கும் மஸ்டருக்குப் போய் நிற்பாராம். "காலையில அப்படி. சாயங்காலம் நான் தனியாத்தான் வருவேன். மேல கிரவுண்ட்ல சத்தம் கேக்கும். நான் போறது தெரிஞ்சா ஒரு விசில் அடிப்பாரு, அவ்வளவுதான். அந்த விசில் கேட்டா அன்னிக்குப் பூரா கோவமா இருக்கும். கேக்கலைன்னா பயமா இருக்கும்."

தம்பி பந்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். அவர் பார்த்த தகப்பனாரும் அக்காள் பார்த்த தகப்பனாரும் வேறு வேறு வயதினர் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது: அக்காளுக்குக் கிடைத்தவர் ஆட்டத்தின் உச்சத்தில் இருந்த இளைஞர், தம்பிக்குக் கிடைத்தவர் முழங்கால் தேய்ந்து, பிள்ளைகளுக்குப் பந்து எடுத்துப் போட்டுக்கொண்டு வீட்டோடு இருந்த மனிதர். எங்கள் ஊரில் இறந்தவர்களைப் பற்றி இப்படிப் பேச விடமாட்டோம். வருஷத் திதியன்று தகப்பன்மார்கள் எல்லாரும் ஒரே மாதிரி உத்தமர்களாகிவிடுவார்கள். மறுவருஷம் அவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றும் மிஞ்சாது. இந்த வீட்டிலோ அவர் கூலியும் குறையும் கோபமும் விசிலுமாக முழுசாக இருந்தார்.

"சோறு ஆறுது" என்றது அடுப்படியிலிருந்து ஒரு குரல். சற்றுக் காது மந்தமென்று சொல்லி, எனக்கு ஜாடையால் மட்டும் வணக்கம் சொல்லியிருந்த தாயார் அவர். பந்து இலைக்கு வரவில்லை. படத்துக்குக் கீழே முக்காலியில் இருக்கலாம் என்று அக்காள் உத்தரவு கொடுத்தார். தம்பி அதை ஜயமாகவே எடுத்துக்கொண்டார். உட்கார்ந்தோம். கப்பக்கிழங்கை மத்திக் குழம்பில் பிசைந்து தின்பது எங்கள் பக்கத்துப் பழக்கமல்ல. கிழங்கு என்றால் சாயங்காலத் தின்பண்டம் என்று எண்ணுகிற நெல்விளையும் பூமிக்காரன் நான். குடம்புளியின் புளிப்பும் மிளகாயின் காரமும் மாவான கிழங்கில் இறங்கிய முதல் கவளத்திலேயே அந்தக் கர்வம் போய்விட்டது. மறுபடி கேட்டு வாங்கித் தின்றேன்.

சாப்பாட்டின் நடுவே அக்காள் என்னிடம் சொன்னார்: "நீங்க எழுதறவருன்னு தம்பி சொன்னான். அப்பாவைப் பத்தி எழுதினா எழுதுங்க, நல்லா ஆடுவாரு, அதுல பொய் இல்லை. ஆனா அவரு ஆடப் போன நாள்ல எல்லாம் செக்ரோல்ல அம்மா பேருக்கு நேரா ஒரு ஆப்சென்ட் விழுந்ததில்லை. அதையும் சேத்து எழுதுங்க."

"ஒண்ணு விழுந்திருக்கு" என்றார், மந்தமான காதோடு குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த தாயார். "கட்டப்பனைல பைனல். மேலுக்கு முடியலைன்னு சூப்பர்வைசர்கிட்டச் சொல்லிட்டுப் பாக்கப் போனேன். அவருக்கே தெரியாது. கூட்டத்துக்குப் பின்னால நின்னு பாத்துட்டு, அவருக்கு முந்தி வீட்டுக்கு வந்துட்டேன்."

பிள்ளைகள் இருவரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். "ஜெயிச்சாங்களா?" என்று கேட்டது நான்தான்.

"எங்க ஜெயிக்கிறது? இவரு தூக்கித் தூக்கிக் குடுத்தாரு. அடிக்கிறதுக்கு அங்க ஒருத்தனுக்கும் கை இல்லை" என்று, அத்தனை வருஷத்துக்குப் பிறகும் ஆறாத ஆத்திரத்தோடு சொன்னார் அந்த அம்மாள். நான் விடைபெற்றுக்கொண்டபோது, அக்காளும் தம்பியும் அன்று முதல் தடவையாக ஒரே கட்சியில் சேர்ந்து, இதை இவ்வளவு காலமும் தங்களிடம் சொல்லாமல் வைத்திருந்ததற்காகத் தாயாரோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள்.