மூன்றாவது கால்

கிளி வளர்க்கிற வீட்டுக்குப் போனால், "பேசுமா?" என்று கேட்பதுதான் உலக வழக்கம். எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் மட்டும் இந்த ஒரு வருஷமாக, "இன்றைக்கு நடந்ததா?" என்று விசாரிக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த அம்மாள் இதைக் கேட்டுவிட்டு, படுக்கையில் கிடக்கும் பெரியவர் யாரோ இருப்பதாக எண்ணி, ஆரஞ்சுப் பழத்துடன் பார்க்க வந்துவிட்டார். அவருக்கு நீலாவைக் காட்டினோம்.

நீலா ஒரு லவ் பேர்ட்ஸ். ஒன்றே ஒன்றானாலும் நம் ஊரில் அதற்குப் பன்மையில்தான் பெயர். புத்தகங்களில் பட்ஜரிகர் என்று போட்டிருக்கும். ஆஸ்திரேலியாவின் வறண்ட வெளிகளில் கூட்டங்கூட்டமாகத் திரிகிற சின்னஞ்சிறு கிளி. ஜான் கூல்ட் என்ற பறவை நிபுணர் 1840-ல் அதை உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். பிறகு உலகமெல்லாம் கூண்டுகளில் பரவிவிட்டது. நம் நாட்டுப் பச்சைக் கிளியைக் கூண்டில் வைப்பதற்கு 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. ஆகவே கிளி ஆசை பிடித்த பிள்ளைகளுக்கு இந்த அயல்நாட்டு விருந்தாளிதான் கதி. என் மகள் நீலா என்று பெயர் வைத்துப் பல மாதம் கழித்து, அலகுக்கு மேலே உள்ள சதை பளிச்சென்று நீலமாயிற்று. அப்படியானால் அது ஆண் என்று விஷயம் தெரிந்தவர்கள் சொன்னார்கள். பெயரை மாற்ற அவள் சம்மதிக்கவில்லை. நீலாவும் ஆட்சேபம் சொல்லவில்லை.

ஆறாவது வயதில் அதன் வலது கால் மெல்ல மெல்லப் பிடிமானம் இழந்தது. கிளி இனத்துக்கு முன்னால் இரண்டு விரல், பின்னால் இரண்டு விரல். இடுக்கி போல் குச்சியைக் கவ்விக்கொள்ளும். அந்த இடுக்கி ஒரு பக்கம் திறக்க மறுத்துச் சுருண்டுகொண்டது. ஓர் இரவு தொப்பென்று சத்தம் கேட்டு விளக்கைப் போட்டோம். கூண்டின் தரையில் இறக்கையை விரித்துக்கொண்டு, என்ன நடந்தது என்று புரியாமல் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் காலணி வாங்கின அட்டைப் பெட்டியில் துளை போட்டு, அதை மடியில் வைத்துக்கொண்டு மருத்துவரிடம் போனேன். கால் நோய்க்கு அவர் காலைப் பார்த்த நேரம் கொஞ்சம். வயிற்றைத் தடவின நேரம்தான் அதிகம். எக்ஸ்ரே எடுத்த பிறகு விளக்கினார். பறவைகளுக்குச் சிறுநீரகம் முதுகெலும்பின் கீழே ஒட்டிக்கொண்டிருக்கிறது. காலுக்குப் போகும் நரம்பு அதனூடே போகிறது. இந்த இனத்துக்குச் சிறுநீரகக் கட்டி அடிக்கடி வருகிற நோய். கட்டி நரம்பை அழுத்தினால் கால் செத்துப்போகும். இவ்வளவு சிறிய உடம்பில் அந்த இடத்தில் கத்தி வைக்க முடியாது.

"வலிக்கு மருந்து தருகிறேன். கவனமாகப் பார்த்துக்கொண்டால் சில மாதம் இருக்கலாம். வேண்டாமென்றால், கஷ்டம் தெரியாமல் தூங்க வைத்துவிடவும் முடியும். அதிலே தவறு ஒன்றும் இல்லை. யோசித்துச் சொல்லுங்கள்" என்றார்.

கதைகளில் எத்தனையோ பேரை ஒரே வரியில் சாகடித்திருக்கிறேன். ஒரு நாயகியை டைபாய்டில் கொண்டுபோனதற்கு, அவளைப் பெற்றவர்களைப் போல் அழுது கடிதம் எழுதிய வாசகர்கள் உண்டு. அப்போதெல்லாம் பேனா தயங்கினதில்லை. இப்போது மடியில் இருந்தது முப்பத்தாறு கிராம். வீடு வரையில் அந்த வரி எனக்கு அமையவில்லை.

வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. "வாய் பேசாத ஜீவனை வதைக்கலாமா?" என்றார் என் கணவர். மகள் பேசவே இல்லை. என் மாமியாருக்கு வயது எழுபத்தெட்டு. இரண்டு முழங்காலும் தேய்ந்து, நான்கு கால் ஊன்றுகோலின் தயவில் நடமாடுகிறவர். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "தினை தின்கிறதா?" என்றார்.

"தின்கிறது அத்தை."

"அப்புறம் என்ன பஞ்சாயத்து? குச்சியைக் கீழே இறக்கும்மா. எனக்குக் கட்டிலை இறக்கலையா?"

அன்றைக்கே வேலை ஆரம்பமாயிற்று. உயரமான கூண்டைக் கொடுத்துவிட்டு, அகலமான தாழ்ந்த கூண்டு வாங்கினோம். கடையில் விற்கும் வழவழப்பான உருட்டுக் குச்சிகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, கொய்யாக் கிளைகளை வெட்டிக் கழுவிக் காயவைத்துக் கட்டினோம். ஒரே பருமனான குச்சியில் நாள் முழுதும் நின்றால் பாதத்தின் ஒரே இடம் அழுந்திப் புண்ணாகும். நல்ல காலே இரண்டு காலின் பாரத்தையும் சுமக்கும்போது புண் இன்னும் சீக்கிரம் வரும். ஆகவே சில கிளைகளுக்குப் பழைய வேட்டிக் கிழிசலைச் சுற்றினோம். ஒரு மூலையில் பலகை அடித்துத் திண்ணை போல் ஒன்று அமைத்தோம். தரையில் மடித்த துண்டு. தினம் மாற்ற வேண்டும். எறும்புக்காகக் கூண்டின் நான்கு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினோம். ஓடிப்போக முடியாத ஜீவனுக்கு எறும்பு பெரிய எதிரி.

வெறும் தினையே தின்றால் வைட்டமின் ஏ குறைந்து பாதத்தின் தோல் கெடும் என்று மருத்துவர் சொன்னதால், முருங்கைக்கீரையும் காரட் துருவலும் சேர்ந்தன. குந்தி உட்கார்வதால் பின்புறத்து இறகு அழுக்காகும். வெதுவெதுப்பான நீரில் பஞ்சை நனைத்துத் துடைக்க வேண்டும். அப்போது பிடிக்கிற விதத்தில்தான் உயிர் இருக்கிறது. பறவைக்கு நம்மைப் போல் உதரவிதானம் கிடையாது. நெஞ்செலும்பு அசைந்தால்தான் மூச்சு. பயத்தில் நெஞ்சை அழுத்திப் பிடித்தால், கையிலேயே மூச்சு நின்றுபோகும். கழுத்தின் இரு பக்கமும் விரலால் லேசாகத் தாங்கி, முதுகு உள்ளங்கையில் படும்படி வைத்துக்கொள்ள வேண்டும்.

இதெல்லாம் பழகிவிட்டது. பழகாதது வேறொன்று. நீலா கம்பியில் ஏறத் திணறும்போதெல்லாம் என் மகள் ஓடிவந்து தூக்கிவிடுவாள். தூக்கின கையை அது வெடுக்கென்று கடிக்கும். பிறகு வேண்டுமென்றே கீழே இறங்கி, மறுபடியும் முதலிலிருந்து ஏறும். அலகால் கம்பியைக் கவ்வும், கழுத்தைச் சுருக்கி உடம்பை இழுக்கும், இடது காலைத் தூக்கி வைக்கும், மறுபடி அலகு. கிளிகள் ஏறும்போது அலகு சும்மா பிடித்துக்கொள்வது மட்டுமல்ல, கால் செய்கிற வேலையையே செய்து உடம்பை மேலே தள்ளுகிறது என்று 2022-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் வேறொரு சிறு கிளி இனத்தில் அளந்து காட்டினார்கள். பிறவியிலேயே அதற்கு மூன்று கால். ஒன்று போனாலும் இரண்டு மிச்சம். எங்கள் அனுதாபம்தான் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை!

அது முதல் எங்கள் வீட்டில் ஒரு சட்டம்: விழுந்து தானாக எழ முடியாவிட்டால் மட்டும் கை கொடுப்பது. விழாமல் தடுப்பது நம் வேலையல்ல. விழுகிற இடம் மெத்தென்று இருக்கிறதா என்று பார்ப்பதுதான் நம் வேலை. சொல்ல எளிது. கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கிற கஷ்டத்தைப் பிள்ளைக்கு முதல்முதல் நடை பழக்கின தாய்மாரைக் கேட்டால் தெரியும்.

பறவை தன் நோயை ஒளித்து வைக்கும். பலவீனம் தெரிந்தால் காட்டில் பிழைக்க முடியாதே. ஆகவே காலையில் தராசில் நிறுத்து, ஒரு நோட்டில் எழுதுகிறோம். முப்பத்தாறு, முப்பத்தைந்து, நடுவில் ஒரு வாரம் முப்பத்துநான்கு. இன்றைக்கு முப்பத்துமூன்று. இந்தக் கணக்கு எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும், மருத்துவருக்கும் தெரியும். தின்பதும், இறகு கோதிக்கொள்வதும், மாலையில் மரத்துக் குருவிகளுக்குப் பதில் குரல் கொடுப்பதும் நின்றுவிட்டால், அன்றைக்கு அந்த அட்டைப் பெட்டியை எடுப்பதென்று முடிவு செய்திருக்கிறேன். அந்த முடிவை நான் சொன்னபோது என் மகள் மறுக்கவில்லை. பெட்டியைப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறாள்.

இப்போது எங்களுக்குள் நடக்கிற வாதம் மேல் குச்சியைப் பற்றியது. கூண்டில் உயரமான குச்சி ஒன்றே ஒன்று விட்டுவைத்திருக்கிறோம். இருட்டுகிற வேளையில் நீலா அங்கேதான் தூங்கப் போக வேண்டும் என்கிறது. முன்பு ஒரு தாவலில் போன இடத்துக்கு இப்போது கால் மணி ஆகிறது. நேற்று இரண்டு முறை விழுந்தது. "அதையும் எடுத்துவிடலாமே" என்கிறார் என் கணவர். அவர் சொல்வதில் நியாயம் இல்லாமலில்லை.

மாமியார் தம் பழைய ரஜாயை நான்காக மடித்து, அந்தக் குச்சிக்கு நேர் கீழே விரித்துவிட்டார். குச்சி இருக்கிறது.