எழுதிய வேகமும் ஓடும் வேகமும்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (இயற்பியல்)

வேகத்தின்மேல் ஆசை இல்லாதவர் யார்? டவுன் பஸ் ஓட்டுநர் முதல், கடைசி மணியடிக்கக் கால் மணி நேரமே இருக்கையில் விடைத்தாளோடு போராடும் நம் போன்ற மாணவர்கள் வரை எல்லோருக்கும் அது உண்டு. ஆனால் ஒரு கணிப்பொறிக்கு வேகம் எங்கிருந்து வருகிறது, அதை நிர்ணயிப்பது யார் என்று கேட்டால் நம்மில் பலர் பெட்டியின்மேல் ஒட்டியிருக்கும் சீட்டைத்தான் காட்டுவோம். அந்தச் சீட்டைத் தாண்டிப் பார்க்க விரும்பிச் சென்ற கோடை விடுமுறையில் நான் செய்த ஒரு சோதனையைப் பற்றியதே இக்கட்டுரை.

எங்கள் வீட்டுக் கணிப்பொறி ஏதோ ஓர் அலுவலகத்தில் கழித்துக் கட்டப்பட்டு, பழைய சாமான் கடை வழியாக 2,800 ரூபாய்க்கு எங்களிடம் வந்து சேர்ந்தது. உள்ளே இருப்பது 2007 ஜனவரியில் வெளிவந்த இன்டெல் கோர் 2 டுவோ ஈ4300 என்னும் பிராசஸர். 16.7 கோடி டிரான்சிஸ்டர்கள், வேகம் 1.8 கிகாஹெர்ட்ஸ். பிளஸ் டூ படிக்கும் தங்கைக்கும், புரோகிராம் எழுதிப் பழகும் எனக்கும் அது ஒன்றுதான். கெட்டால் மாற்று இல்லை. பின்னால் வரும் தயக்கம் விளங்க வேண்டும் என்பதற்காகவே இதை முன்கூட்டிச் சொல்லி வைக்கிறேன்.

இனி வேகத்தின் கதைக்கு வருவோம். மதர்போர்டின் ஒரு மூலையில் நகத்தளவு உலோகக் கூடு ஒன்று இருக்கும். அதற்குள் ஒரு குவார்ட்ஸ் படிகம் வினாடிக்கு 1 கோடியே 43 இலட்சம் முறை, அதாவது 14.318 மெகாஹெர்ட்ஸில், அதிர்ந்துகொண்டே இருக்கிறது. இந்த எண் எங்கிருந்து வந்தது தெரியுமா? 1981இல் ஐ.பி.எம். தன் முதல் பெர்சனல் கம்ப்யூட்டரைச் செய்தபோது, அமெரிக்கக் கலர் டெலிவிஷனுக்கு வேண்டிய 3.58 மெகாஹெர்ட்ஸைப் போல் நான்கு மடங்கான படிகத்தை வைத்தார்கள். நான்கால் வகுத்தால் டி.வி.க்கு, மூன்றால் வகுத்தால் 4.77 மெகாஹெர்ட்ஸ், அது பிராசஸருக்கு. ஒரே படிகத்தில் இரண்டு வேலை! கால் நூற்றாண்டு கழித்து வந்த எங்கள் பெட்டியிலும் அதே எண் கொண்ட படிகம்தான் துடித்துக்கொண்டிருக்கிறது. எனக்கு இதுவே பெரிய வியப்பு.

படிகத்தின் துடிப்பை வாங்கி, கடிகாரச் சில்லு 200 மெகாஹெர்ட்ஸாக உயர்த்தித் தருகிறது. அதைப் பிராசஸர் தனக்குள் ஒன்பதால் பெருக்கிக்கொள்கிறது. 200 × 9 = 1800. இதுதான் அந்த 1.8. ஒன்பது என்னும் எண்ணை மேலே ஏற்ற முடியாதபடி பிராசஸர் தொழிற்சாலையிலேயே பூட்டிவிட்டார்கள். மிஞ்சியிருப்பது 200 மட்டுமே.

கடையில் தனியாக விற்கும் மதர்போர்டாக இருந்தால் பயாஸ் திரைக்குள் சென்று அந்த 200ஐ நாமே மாற்றலாம். கம்பெனிகள் அலுவலகங்களுக்கென்று மொத்தமாகச் செய்து தரும் பெட்டிகளில் அந்த வசதி கிடையாது. தேதி, கடவுச்சொல், எந்த டிஸ்க்கிலிருந்து துவங்க வேண்டும் என்பது போன்ற சில்லறை விஷயங்களே அந்தத் திரையில் இருக்கும். இதைக் கண்டு பலர் கம்பெனியைத் திட்டுவார்கள். நான் திட்டமாட்டேன். ஆயிரம் பெட்டிகளை ஓர் அலுவலகத்துக்கு அனுப்பி, மூன்று வருடம் பழுது பார்த்துத் தருகிறேன் என்று கையெழுத்திட்டவன் எல்லாப் பெட்டியும் ஒரே மாதிரி ஓட வேண்டும் என்று நினைப்பது நியாயந்தானே? ஆனால் கையெழுத்தின் காலம் முடிந்து, பெட்டியும் பழைய சாமான் கடைக்கு வந்த பிறகு அந்தப் பூட்டு யாருக்காக?

பூட்டும் பழையது, திறப்பதும் பழையது. 1984இல் வந்த ஐ.பி.எம். ஏ.டி. இயந்திரம் 12 மெகாஹெர்ட்ஸ் படிகத்தில் 6 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடியது. ஆர்வலர்கள் அந்தப் படிகத்தைப் பிடுங்கிவிட்டு 16 மெகாஹெர்ட்ஸ் படிகத்தைச் செருகி 8இல் ஓட்டினார்கள். பின்னால் வந்த பயாஸில், வேகத்தை அளந்து பார்த்து, கூடுதலாக இருந்தால் துவங்க மறுக்கும்படி ஐ.பி.எம். செய்துவிட்டது. 1998இல் செலிரான் 300ஏ என்ற மலிவான பிராசஸரை, 66இலிருந்து 100 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றி, 300க்குப் பதில் 450இல் ஓட்டியவர்கள் ஏராளம். 2000ஆம் ஆண்டில் ஏ.எம்.டி. பிராசஸர்களின் முதுகில் அறுபட்டிருந்த இணைப்புகளைச் சாதாரணப் பென்சிலால் கோடிழுத்தே சேர்த்தார்கள். கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும் என்று பத்தாம் வகுப்பில் படித்தோமல்லவா, அதேதான்!

என் பெட்டிக்கு வருகிறேன். முதலில், ஓடும்போதே கடிகாரச் சில்லுக்குக் கட்டளை அனுப்பும் ஒரு மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன். பயனில்லை. சில சில்லுகளில் ஒரு காலைக் குறிப்பிட்ட நிலையில் இணைத்துவிட்டால் வெளியிலிருந்து எவர் சொன்னாலும் வேகத்தை மாற்றாது. இந்தப் பலகையில் அப்படித்தான் இணைத்திருந்தார்கள்.

ஆனால் சுவிட்சைப் போட்ட கணத்தில் அந்தச் சில்லு ஒரே ஒருவர் பேச்சைக் கேட்டே ஆக வேண்டும். அவர்தான் பிராசஸர். பிராசஸரின் அடியில் 775 தொடுதகடுகள் உள்ளன. அவற்றில் மூன்று, ‘எனக்கு என்ன வேகம் வேண்டும்’ என்று பலகைக்குச் சொல்பவை. 0-1-0 என்றால் 200 மெகாஹெர்ட்ஸ். 0-0-0 என்றால் 266. நடுவில் நிற்கும் அந்த 1ஐப் பக்கத்திலுள்ள பூச்சிய நிலைத் தகட்டோடு சேர்த்துவிட்டால் போதும், பலகை வந்திருப்பது வேறு பிராசஸர் என்று நம்பிவிடும். 266 × 9 = 2400. நினைவகத்தின் வேகத்தையும் பலகையே அதற்கேற்பச் சரிசெய்துகொள்ளும்.

1.8 என்று எழுதியது 2.4இல் ஓடுமா? 2006இல் இதே கோர் 2 டுவோ குடும்பத்தில் வந்த ஈ6600, 2.4இல்தான் விற்கப்பட்டது. ஒரே முறையில் வார்த்த சில்லுகளைச் சோதித்து, தரத்துக்கும் சந்தையின் தேவைக்கும் ஏற்ப வெவ்வேறு எண்களை எழுதுகிறார்கள். எழுதிய எண் சில்லின் எல்லை அன்று. எந்த வெயிலிலும், எந்தப் பெட்டியிலும் இதற்குக் குறையாது என்னும் உத்தரவாதம். அதற்கு மேலே போகிறவன் உத்தரவாதத்தைத் தானே எழுதிக்கொள்ள வேண்டும்.

மின்திறன் மின்னழுத்தத்தின் இருமடிக்கும் அதிர்வெண்ணுக்கும் நேர்விகிதத்தில் இருக்கும். பூட்டிய பலகையில் மின்னழுத்தத்தைக் கூட்ட வழியில்லை. அது ஒரு வகையில் நல்லதே. அதிர்வெண் மூன்றில் ஒரு பங்கு கூடினால், சில்லு இயங்குவதற்குச் செலவாகும் மின்திறனும் ஏறக்குறைய அவ்வளவே கூடும்.

பெட்டியைப் பிரித்துத் தரையில் பரப்பியிருந்தபோது அம்மா வந்து நின்றார்கள். “ஓடிக்கிட்டிருக்கிறதை எதுக்குடா பிரிச்சுப் போட்டிருக்கே? பாப்பா படிக்க வேண்டாமா?” என்னிடம் பதில் இல்லை. அப்பா லாரிகளின் டீசல் பம்ப் பழுது பார்ப்பவர். பம்ப்பில் அதிகபட்ச வேகத்தை நிர்ணயித்து, அந்தத் திருகுக்குக் கம்பி கட்டி ஈய சீல் வைப்பது அவர் தொழிலில் தினசரிக் காரியம். “சீலை உடைச்சிட்டியா?” என்று கேட்டார்.

“இல்லப்பா. சீல் அப்படியே இருக்கு. வந்திருக்கிறது என்ன இன்ஜின்னு பம்ப் கேக்குதில்ல, அதுக்குச் சொல்ற பதிலை மட்டும் மாத்துறேன்.”

சற்று யோசித்தார். “அப்போ பெரிய இன்ஜினுக்கு உண்டான டீசலை ஊத்தும். சூடு ஏறுதான்னு பார்த்துக்க. ராத்திரி முழுக்க ஓட விட்டுப் பாரு, அஞ்சு நிமிஷம் ஓடுறதெல்லாம் கணக்கில்ல.” எந்த ஆய்வுக்கூடக் கையேட்டிலும் இதைவிடத் தெளிவான செய்முறையை நான் படித்ததில்லை.

விசிறியின் தூசியைத் தட்டி, பழைய வெப்பப் பசையைத் துடைத்துப் புதிது பூசினேன். கீபோர்டு பழுது பார்ப்பவர்கள் பயன்படுத்தும் மின்கடத்தும் வெள்ளிப் பசையை ஊசி முனையில் தொட்டு இரண்டு தகடுகளையும் இணைத்து, காயவிட்டு, பொருத்தினேன். முதல் முறையிலேயே துவங்கிவிட்டது.

துவங்குவது பெரிதல்ல. வேகம் மிகுந்தால் புகை வரும் என்று பலர் பயப்படுகிறார்கள். வெப்பம் எல்லை மீறினால் பிராசஸர் தானே தன்னை அடக்கிக்கொள்ளும். உண்மையான பயம் வேறு. டிரான்சிஸ்டர் நிலை மாறி முடிவதற்குள் அடுத்த துடிப்பு வந்துவிட்டால் விடை தப்பாகும். திரையில் எந்தக் குறையும் தெரியாமலே, ஏழெட்டு ஐம்பத்தேழு என்று அது சொல்லிவிடக்கூடும். ஆய்வுக் கணக்குகளை அதில் போட நினைக்கும் இயற்பியல் மாணவனுக்கு இதைவிடக் கேடு உண்டா? ஆகவே விடை முன்பே தெரிந்த பெரிய கணக்குகளைத் திரும்பத் திரும்பப் போட்டு ஒப்பிடும் பிரைம்95 என்ற புரோகிராமை, அப்பா சொன்னபடி, இரவு முழுவதும் ஓடவிட்டேன். அறையின் வெப்பம் 36 டிகிரி, அக்கினி நட்சத்திரம். வேண்டுமென்றேதான் அந்த நாளைத் தேர்ந்தேன். மார்கழியில் தேறிய பெட்டி சித்திரையில் தவறலாம். முழுப் பளுவில் முன்பு 61 டிகிரி காட்டிய பிராசஸர் இப்போது 68 காட்டியது. காலையில் பிழை ஒன்றும் இல்லை. இரண்டாம் இரவும் அவ்வாறே.

பலன் என்ன? நான் எழுதிய பகா எண் புரோகிராம் முன்பு 84 வினாடி எடுத்தது, இப்போது 63. சரியாக முக்கால் பங்கு. ஆனால் கணிப்பொறி துவங்கும் நேரமும் பெரிய கோப்பை நகலெடுக்கும் நேரமும் அப்படியேதான் இருக்கின்றன. ஹார்ட் டிஸ்க்குக்கு இந்தச் சங்கதி எதுவும் தெரியாதல்லவா! தங்கைக்கு வித்தியாசமே தெரியவில்லை. “இதுக்கா ரெண்டு நாள் பெட்டியைத் தொட விடல?” என்றாள்.

இப்போது சிஸ்டம் விவரத்தைத் திறந்தால் ஒரே வரியில் இரண்டு எண்கள் தெரிகின்றன. பிராசஸரின் பெயரோடு தொழிற்சாலையில் பதித்த 1.80, அதன் பக்கத்திலேயே இயங்குதளம் அளந்து சொல்லும் 2.40. அடுத்த கோடைக்கு முன் விசிறியை மறுபடி துடைத்து இன்னோர் இரவு சோதிக்க வேண்டும். அதைத் தங்கையின் பொதுத்தேர்வு முடிந்த பிறகுதான் செய்யலாம் என்பது வீட்டில் ஏகமனதாக நிறைவேறிய தீர்மானம்.