பெண்கள் எட்டி நின்று பார்த்த கோயாசான்... இலையுதிர் காலத்தில் ஒரு மலை வலம்!

ஒசாகாவின் நம்பா ஸ்டேஷனில் ரயில் ஏறினால், சுமார் இரண்டு மணி நேரத்தில் கோயாசான் மலைமேல் இருக்கலாம். ரயில் முடியும் இடத்திலிருந்து செங்குத்துச் சரிவில் ஐந்தே நிமிட கேபிள் கார் பயணம். பிறகு பஸ். அந்த பஸ்ஸின் முதல் நிறுத்தம், 'நியோனின்-தோ'. 'பெண்கள் மண்டபம்' என்று அர்த்தம். பலர் இங்கே இறங்காமல் ஊருக்குள் போய்விடுகிறார்கள். இலைகள் நிறம் மாறும் அக்டோபர் கடைசி, நவம்பர் முதல் பாதியில் போகிறவர்கள் இங்கேயே இறங்கிவிடுவது நல்லது. காரணம், அந்தப் பெயருக்குள் இருக்கும் கதை.

கி.பி. 816-ல் பேரரசரிடம் அனுமதி வாங்கி இந்த மலையில் மடம் அமைத்தவர் கூகாய் என்ற பௌத்தத் துறவி. சுமார் 800 மீட்டர் உயரம், சுற்றிலும் எட்டுச் சிகரங்கள். தாமரை இதழ்களுக்கு நடுவே ஊர் இருப்பதாகச் சொல்வார்கள். இன்றும் இங்கே 117 கோயில்கள் உள்ளன. கூகாயின் குரு பரம்பரையில் வரும் வஜ்ரபோதி, தென்னிந்தியாவிலிருந்து கடல் வழியே சீனா போனவர். அவரைக் காஞ்சிபுரத்தோடு தொடர்புபடுத்துகின்றன பழைய சீனக் குறிப்புகள்.

வெள்ளை நாய் ஒன்று, கறுப்பு நாய் ஒன்றுடன் வந்த வேட்டைக்காரர் வழிகாட்ட, நியூ என்ற பெண் தெய்வம்தான் இந்த மலையைக் கூகாய்க்குக் கொடுத்தது என்பது ஐதீகம். தன்ஜோ கரான் என்ற முக்கியக் கோயில் வளாகத்துக்குள் அந்த அம்மனுக்கு ஷின்தோ சன்னதி இருக்கிறது. மலை அம்மனுடையது. ஆனால், 1872-ல் அரசு தடையை நீக்கும்வரை, பெண்கள் உள்ளே கால் வைக்கக் கூடாது!

கூகாயின் அம்மாவுக்கே விதிவிலக்கு இல்லை. மகனைப் பார்க்க வந்த வயதான தாய், அடிவாரத்தில் ஜிசோன்-இன் கோயிலில் தங்கிவிட்டார். மகன் மாதத்துக்கு ஒன்பது முறை இறங்கி வந்து அவரைப் பார்த்தாராம். அடிவார ஊரின் பெயரான 'குதோயாமா'வுக்கு 'ஒன்பது முறை மலை' என்று பொருள் சொல்கிறார்கள். பாதை ஒரு பக்கமே இருபது கிலோமீட்டருக்கு மேல். மகனும் லேசில் தப்பவில்லை!

அந்தக் காலத்தில் மலைக்கு ஏழு நுழைவாயில்கள். ஒவ்வொன்றிலும் பெண்கள் தங்கிப் பிரார்த்திக்க ஒரு மண்டபம். அதற்குமேல் போக வழியில்லாததால், அவர்கள் சிகரங்களை ஒட்டி மலையைச் சுற்றி நடந்தார்கள். மரங்களுக்கு நடுவே கோயில் தெரிகிறதா என்று எட்டிப் பார்த்தபடியே நடந்த அந்த வழிக்கு இன்றும் 'பெண்கள் பாதை' என்றுதான் பெயர். ஏழு மண்டபங்களில் மிஞ்சியது, பஸ் நிற்கும் இந்த ஒன்று மட்டுமே.

மண்டபத்துக்கு எதிரே தொடங்கும் பாதை, 984 மீட்டர் உயர பென்டென்-டாகே சிகரத்துக்கு ஏறுகிறது. உச்சியில் பென்டென் சன்னதி. இந்த பென்டென் வேறு யாருமல்ல, ஜப்பானுக்குப் போன நம் சரஸ்வதிதான். அங்கிருந்து மறுபக்கம் இறங்கினால், 1705-ல் கட்டப்பட்ட 25 மீட்டர் உயர செந்நிற வாயிலான 'தாய்மோன்' வந்துவிடும். வழி முழுக்கச் சிவப்பு என்று எதிர்பார்க்க வேண்டாம். என்றும் பச்சையாக இருக்கும் சீடார் மரங்கள் நிறைய. இது கரடிகள் வாழும் மலைத்தொடர் என்பதால், பையில் சின்ன மணி கட்டிக்கொண்டு நடப்பது வழக்கம்.

சிவப்பைப் பார்க்க ஊருக்குள் வர வேண்டும். தன்ஜோ கரானை ஒட்டிய 'ஜபாரா-மிச்சி'யில் இருபுறமும் மேப்பிள் மரங்கள் கவிந்து நிற்கின்றன. கியோட்டோவில் இலைகள் சிவக்க நவம்பர் பிற்பாதி ஆகிவிடும். உயரத்தால் இங்கே முன்கூட்டியே சிவந்துவிடுகின்றன. அருகிலேயே கொங்கோசன்மாய்-இன் கோயிலில் 1223-ல் எழுந்த ஈரடுக்கு கோபுரம். அதற்குக் காரணமானவர் ஹோஜோ மசாகோ, கணவரை இழந்த ஒரு பெண்.

ஊரின் கிழக்குக் கோடியில் ஓகுனோ-இன். இரண்டு கிலோமீட்டர் நீள மயானப் பாதையில் இரண்டு லட்சத்துக்கும் மேல் கல்லறைகள். பூச்சி மருந்து அடிப்பவர்கள் கரையானுக்கு எழுப்பிய நினைவுக்கல்கூட உண்டு! கோடியில் உள்ள சமாதியில் கூகாய் இன்னும் தியானத்தில் இருப்பதாக நம்பிக்கை. தினமும் காலை 6 மணிக்கும் 10.30-க்கும் அவருக்கு உணவு கொண்டுபோகிறார்கள். சமாதிக்கு முன்னுள்ள பாலத்தைத் தாண்டினால் போட்டோ எடுக்கக் கூடாது.

தங்குவதற்கு ஐம்பதுக்கும் மேற்பட்ட கோயில்களில் அறைகள் தருகிறார்கள். சாப்பாட்டில் இறைச்சி, மீன், வெங்காயம், பூண்டு எதுவும் இல்லை. எள்ளில் செய்யும் 'கோமா-தோஃபு'வை மட்டும் தவறவிட வேண்டாம். குளியலறை பெரும்பாலும் பொது; நவம்பர் இரவுகளில் குளிர் எலும்பைத் தொடும்.

தாய்மோன் வாயிலில் நின்று சூரியன் மறைவதைப் பார்க்க ஆசைப்படுபவர்கள் கடிகாரத்தைக் கவனிக்க வேண்டும். நவம்பரில் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். கோயில் விடுதிகளில் இரவு உணவு ஐந்தரை, ஆறு மணிக்கே!