கேட்பவரின் கடிதமும் கொடுப்பவரின் கடிதமும்

ஸ்கந்தபுரம் உல்லாசப் பயணிகள் தேடி வரும் ஊரல்ல. வயலையும் தோட்டத்தையும் நம்பிய வன்னிக் கிராமம். இந்தப் பக்கத்துப் பிள்ளையொன்று விருந்தோம்பல் துறையைப் படித்தால், வேலைக்கு யாழ்ப்பாணமோ பாசிக்குடாவோ பெந்தோட்டையோ மாலைதீவோ போகத்தான் வேண்டும். கட்டில் விரிக்கவும் ஒழுங்காகப் பரிமாறவும் அந்தப் பிள்ளை சில மாதங்களிலேயே பழகிவிடும். தடுமாறுவது ஆங்கிலத்தில், அதிலும் எழுத்தில். முறைசார் கடிதம், முறைசாராக் கடிதம் என்று இதற்குப் பாடம் இருக்கிறது. முகவரி எங்கே, திகதி எங்கே, எப்படித் தொடங்குவது, எப்படி முடிப்பது என்று அது சொல்லிக்கொடுக்கிறது. அது தேவைதான். ஆனால் ஹோட்டல் வேலைக்குப் போகிறவருக்கு வடிவத்தைவிட முக்கியமானது, தான் எந்த இடத்தில் நின்று எழுதுகிறோம் என்ற தெளிவு. வன்னிப் பிள்ளைகளுக்கு இந்தப் பாடம் அங்கிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

காரணம் இந்த மண்ணின் வரலாற்றில் இருக்கிறது. 1995 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்பட்ட சனத்தில் பெருந்தொகையினர் வன்னிக்கு வந்தார்கள். 1996 செப்டெம்பரில் கிளிநொச்சி நகரம் இராணுவத்தின் வசமானபோது நகரத்துச் சனம் அக்கராயன், ஸ்கந்தபுரம் பக்கம் ஒதுங்கியது. 2008இன் பிற்பகுதியில் அந்த ஊர்களும் வெறிச்சோடின. 2009 மே மாதத்தில் போர் முடிந்த பிறகுதான் படிப்படியாக மீள்குடியேற்றம். இத்தனை காலமும் இந்தச் சனம் எழுதிய கடிதங்களை எண்ணிப் பாருங்கள். நிவாரணம், வீட்டுத் திட்டம், காணி, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளை என்று எல்லாவற்றுக்கும் ஒரு கடிதம்: கிராம அலுவலருக்கு, பிரதேச செயலாளருக்கு, அரசாங்க அதிபருக்கு, தொண்டு நிறுவனத்துக்கு, ஆணைக்குழுவுக்கு. முறைசார் கடிதம் என்றாலே கீழே நின்று கேட்கிற கடிதம் என்று மனதில் ஊறிப்போனது இதனால்தான். தாழ்மையுடன் வேண்டுகிற அந்தக் குரல் ஆங்கிலத்துக்குப் போனாலும் மாறுவதில்லை. அதில் வெட்கப்பட எதுவுமில்லை. நீதி கேட்டு நின்றவர்களின் குரல் அது. ஆனால் ஹோட்டலில் நிலைமை தலைகீழ். அங்கே கேட்பவர் விருந்தினர். கொடுக்க வேண்டியவர் எழுதுகிறவர்.

ஒரு முறைப்பாட்டை எடுத்துக்கொள்வோம். ஓர் இரவு முழுவதும் ஏசி வேலை செய்யவில்லை, வரவேற்பு மேசையை இரண்டு தடவை அழைத்தும் ஒருவரும் வரவில்லை என்று ஒரு விருந்தினர் ஊர் திரும்பிய பின் எழுதுகிறார். பள்ளிக்கூடப் பழக்கத்தில் எழுதும் பதில் ‘டியர் சேர்’ என்று தொடங்கி, நாலு இடத்தில் மன்னிப்புக் கேட்டு, ‘யுவர்ஸ் பெய்த்புலி’ என்று முடியும். பிரித்தானிய முறைப்படி, பெயர் தெரியாதவருக்கு எழுதும்போதுதான் இந்தத் தொடக்கமும் முடிவும் பொருந்தும். பெயர் தெரிந்தால் பெயர் சொல்லி விளித்து, ‘யுவர்ஸ் சின்சியர்லி’ என்று முடிக்க வேண்டும். தங்கிப் போனவரின் பெயர் ஹோட்டலுக்குத் தெரியாமலா இருக்கும்? முன்பதிவிலேயே இருக்கிறது. பெயரைக் கையில் வைத்துக்கொண்டு ‘சேர்’ என்று மட்டும் எழுதினால், தன்னை யாரென்றே இவர்கள் பார்க்கவில்லை என்றுதான் அவருக்குப் படும். நல்ல பதில் பெயரோடு தொடங்கும். எந்த இரவு, எந்த அறை, என்ன பழுது என்று சுற்றி வளைக்காமல் ஒப்புக்கொள்ளும். ஒரு தடவை, தெளிவாக வருத்தம் தெரிவிக்கும். அழைத்தும் ஆள் வராத காரணத்தை விசாரித்துச் சொல்லும். பழுது திருத்தப்பட்டிருந்தால் அதையும் சொல்லும். எழுதுகிறவரின் அதிகாரத்துக்கு உட்பட்ட பரிகாரத்தை மட்டும் முன்வைக்கும். முகாமையாளர் சம்மதிக்காத பணத்தைத் திருப்பித் தருவதாக வாக்குக் கொடுக்காது. இதற்கு இலக்கணம் மட்டும் போதாது, பொறுப்பேற்கும் துணிவும் வேண்டும். மன்னிப்பையே திரும்பத் திரும்பக் கேட்கும் கடிதம் எழுதியவரின் பயத்தைத்தான் காட்டும். விருந்தினருக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை.

மற்றக் கடிதங்களுக்கும் இதே அளவுகோல்தான். முன்பதிவை உறுதிப்படுத்தும் கடிதத்தில் இனிமையைவிடத் துல்லியம் பெரிது: வரும் நாள், தங்கும் இரவுகள், அறையின் வகை, சாப்பாடு சேருமா, கட்டணம் எந்த நாணயத்தில், எந்தத் திகதி வரை இலவசமாக இரத்துச் செய்யலாம். 03/04 என்று எழுதினால் பிரித்தானியர் ஏப்ரல் 3 என்று வாசிப்பார், அமெரிக்கர் மார்ச் 4 என்று வாசிப்பார். மாதத்தின் பெயரை எழுதிவிட்டால் அந்தக் குழப்பம் இல்லை; அதுவும் உபசாரம்தான். முறைசாராக் கடிதம் இன்னும் நுட்பமானது. நல்லூர்த் திருவிழாக் காலத்தில் ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வரும் நம்மவரின் பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் கேட்டால் விளங்கும், வாசிக்க வராது. அப்படியொரு குழந்தைக்குக் கச்சான் ஒத்துக்கொள்ளாது என்று தாய் வந்தன்று சொன்னதை மறக்காமல், ‘காலைச் சாப்பாட்டில் கச்சான் கலந்தது எதுவும் இல்லை’ என்று எளிய ஆங்கிலத்தில் கையால் எழுதி வைத்த இரண்டு வரி, அச்சடித்த வரவேற்பு அட்டையைவிட அந்தக் குடும்பத்தின் மனதில் நிற்கும்.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று கேட்கலாம். தாள் போய்விட்டது, கடிதம் போகவில்லை. மின்னஞ்சலும் வட்ஸ்அப் செய்தியும் அதே வேலையைத்தான் செய்கின்றன. இணையத்தில் விருந்தினர் இடும் விமர்சனத்துக்கு ஹோட்டல் எழுதும் பதில், இனி வரப்போகிறவர்கள் எல்லோரும் வாசிக்கும் பகிரங்கக் கடிதம். செயற்கை நுண்ணறிவு எழுதித் தராதா என்றால், வசனத்தைத் தரும். அந்த இரவில் அழைப்பை யார் எடுக்கவில்லை என்பது அதற்குத் தெரியாது. வந்த வரைவு உண்மையா என்று பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும். முதலில் பேச்சு ஆங்கிலம் வரட்டும் என்பது இன்னொரு வாதம். பேச்சு கட்டாயம் வேண்டும். ஆனால் பேசும்போது யோசிக்க நேரமில்லை. எழுதும்போது அழித்துத் திருத்தலாம். கூச்சமுள்ள பிள்ளைக்குப் பேச்சுக்கான துணிவே எழுத்திலிருந்து வரக்கூடும். அறை துப்புரவு செய்பவருக்குக் கடிதம் எதற்கு என்பாரும் உண்டு. எனக்கு மிகவும் கவலை தருவது இந்தக் கேள்விதான். 1987இன் 13ஆவது திருத்தம் ஆங்கிலத்தை இந்நாட்டின் இணைப்பு மொழி என்றது. சிங்களம் வராத வன்னிப் பிள்ளைக்குத் தெற்கத்தி ஹோட்டலில் அந்த இணைப்பு அன்றாடத் தேவை. கையால் வேலை செய்யத் தெரிந்தும் எழுத வராதவர் அறைகளோடே நின்றுவிடுவார். எழுத வந்தவருக்கு வரவேற்பு மேசைக்கும் மேற்பார்வைக்கும் வழி திறக்கும். எழுத்தைக் கற்றுக்கொடுக்காமல் அனுப்புவது, இந்தப் பிள்ளைகளின் உயரத்தை நாமே முன்கூட்டித் தீர்மானிப்பதாகும்.

ஆகவே வகுப்பு ஆங்கிலத்தில் தொடங்க வேண்டியதில்லை. ஒரு முறைப்பாட்டைக் கொடுத்து, என்ன நடந்தது, யாருடைய பொறுப்பு, நம்மால் என்ன செய்ய முடியும், எதைச் சொல்ல நமக்கு உரிமையில்லை என்று முதலில் தமிழில் பேச விடலாம். விடை தெளிந்த பிறகு அதைக் குறுகிய ஆங்கில வசனங்களில் எழுதி, ஒருவர் எழுதியதை இன்னொருவர் விருந்தினராக இருந்து வாசிக்கலாம். வடிவமும் இலக்கணமும் அப்போது தேவையோடு சேர்ந்து வரும். தலைமுறையாகக் கேட்டுக் கேட்டு எழுதிய ஊரிலிருந்து வரும் பிள்ளைக்கு, ஒரு பதிலுக்காகக் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. பதில் சொல்லும் இடத்தில் இப்போது தானே நிற்கிறேன் என்று உணரவைத்தால் போதும். நல்ல பதிலை அந்தப் பிள்ளை எழுதும்.