வார்டில் விளைகிற குணம்

வைத்தியத்துக்கு நான்கு பாதங்கள் உண்டென்று வகுத்த சரக சம்ஹிதை, வைத்தியன், மருந்து, நோயாளி ஆகியவற்றோடு அருகிருந்து பணிவிடை செய்பவரையும் சரிசமமாக வைத்து, அவரிடம் இருக்கவேண்டிய குணங்களாக உபசாரம் அறிந்திருத்தல், சாமர்த்தியம், அனுராகம், தூய்மை என்னும் நான்கினைச் சொல்கிறது. இவற்றுள் மூன்றைக் கற்பிப்பதிலோ சோதிப்பதிலோ பெரிய சிரமம் ஏதுமில்லை. ஊசி போடும் முறைக்கும் கை கழுவும் முறைக்கும் மதிப்பெண் இட்டுவிடலாம். அனுராகம் ஒன்றுக்குத்தான் பரீட்சைத்தாள் கிடையாது. தனக்கு எவ்வித உறவுமில்லாத, சில வேளைகளில் தன்னை ஏசவும் செய்கிற ஓர் அந்நியரிடம் செலுத்துவதற்கு, பதினெட்டு வயதுப் பெண்ணொருத்தி அந்த அன்பை எங்கிருந்து கொண்டுவருவாள்? பெண்ணாகப் பிறந்தவளுக்கு அது சுபாவத்திலேயே அமைந்திருக்கும் என்று சொல்லிவிடுவது நம்மவர் வழக்கம். அந்த வாதத்தை நான் ஒருநாளும் ஏற்றதில்லை. என் தாயார் இடுப்பெலும்பு முறிந்து நெடுநாள் படுத்திருந்த ஆஸ்பத்திரியில், துணைக்கு இருந்தவள் என்ற முறையில் பயிற்சி மாணவிகளைப் பக்கத்திலிருந்து பார்த்தபின், ஏற்காததற்குக் காரணங்களும் கிடைத்தன.

மாணவிகள் வெண்ணுடை தரித்து, விளக்கேந்தி, பிரமாணம் எடுத்துக்கொள்ளும் வைபவத்தைக் கண்டு கண் கலங்காத பெற்றோர் இருக்கமாட்டார்கள். ஆயினும் நைட்டிங்கேல் பிரமாணம் என்று வழங்கும் அந்த உறுதிமொழியை இயற்றியவர் நைட்டிங்கேல் அம்மையார் அல்லர். 1893ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு டெட்ராய்ட் நகரில், லிஸ்ட்ரா கிரெட்டர் என்பவரைத் தலைவராகக் கொண்ட ஒரு குழு இயற்றியது அது. கிரீமியப் போரின்போது ஸ்குட்டாரி ஆஸ்பத்திரியில் அம்மையார் ஏந்திச் சென்றதும் படங்களில் காணும் அலாவுதீன் விளக்கன்று, மடித்து விரிக்கத்தக்க துருக்கிக் கூண்டுவிளக்கு. இவை சில்லறைப் பிழைகள். விளக்கோடு நடந்தவரை நினைவில் நிறுத்திக்கொண்ட நாம், போர்முனைச் சாவுக்கணக்குகளையெல்லாம் திரட்டி, காயத்தால் மடிந்த சிப்பாய்களைவிடத் தடுக்கத்தக்க வியாதிகளால் மடிந்தவர்களே அதிகம் என்று 1858இல் வரைபடம் போட்டு நிரூபித்த கணக்காளரை மறந்துவிட்டோமே, அதுதான் எனக்குப் பெரிய நஷ்டமாகப் படுகிறது. பிரமாணத்தில் வைத்தியருக்கு விசுவாசமாகத் துணை நிற்பேன் என்றொரு வாக்கியமும் உண்டு. சர்வதேச செவிலியர் பேரவை 1953இல் வகுத்த நெறிமுறைகளிலும் அந்த மனோபாவம் நிலைத்திருந்து, 1973ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் செவிலியரின் முதற்பொறுப்பு பராமரிப்பு வேண்டி நிற்கும் மனிதருக்கே உரியது என்பது தெளிவாயிற்று. ஆனால் பிரமாணத்தின் வாசகம் எதுவாயினும், மேடையிலிருந்து இறங்கி வார்டுக்குள் நுழைகிற மாணவியின் முதல் வேலை படுக்கை விரிப்பதுதான்.

இதற்கா இத்தனை படிப்பு என்று அவள் முகம் வாடுவதைப் பார்த்திருக்கிறேன். விரிப்பின் மூலையை இந்தக் கோணத்தில்தான் மடிக்க வேண்டும், நடுவில் ஒரு சுருக்கமும் இருக்கலாகாது என்று, பிரித்துப் பிரித்து மறுபடியும் விரிக்கச் சொல்வார்கள். சங்கீத மாணாக்கர்களைச் சரளி வரிசையிலேயே மாதக்கணக்கில் நிறுத்திவைக்கும் பழைய குருமார்களைப் போன்ற பிடிவாதம் அது. காரணம் பின்னால்தான் விளங்குகிறது. அசையமாட்டாத சரீரத்தின் கீழே கிடக்கும் ஒரு சிறு சுருக்கம், உடம்பின் பாரத்தோடும் ஈரத்தோடும் சேர்ந்து தோலைச் சிவக்கச் செய்து, கவனியாது விட்டால் படுக்கைப் புண்ணாகக் குழிந்து எலும்புவரையில் போய்விடும். ஆகையால்தான் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைத் திருப்பிப் படுக்கவைப்பதும், திருப்பும்போதெல்லாம் முதுகையும் குதிகாலையும் பார்ப்பதும். என் தாயாரின் முதுகில் சிவந்த இடத்தை முதன்முதலில் கண்டது வைத்தியருமல்ல, நானுமல்ல. மடிப்பு சரியில்லையென்று காலையில் திட்டு வாங்கிய ஒரு முதலாண்டு மாணவி. அன்று மாலை அவள் யாரும் ஏவாமலே இருமுறை வந்து விரிப்பை இழுத்துவிட்டுப் போனாள். கை முதலில் கற்றுக்கொண்டது. மனம் அதன் பின்னே வந்தது.

மலங்கழிக்கும் தட்டை முதன்முதலில் ஏந்திய பெண்கள் அன்று சோறு உண்ணமாட்டார்கள். ஆசாரமான குடும்பங்களில் பிறந்தவர்களுக்குக் குமட்டலோடு வீட்டில் ஊட்டப்பட்ட தீட்டும் சேர்ந்துகொள்ளும். அவ்வேளையில் அவர்கள் பாடப்புத்தகத்தை நினைப்பதில்லை, பக்கத்தில் நிற்கும் மூத்த செவிலியரின் முகத்தையே பார்க்கிறார்கள். அந்த வார்டில் மூத்தவர்கள் இருவர் இருந்தனர். ஒருவர், நினைவிழந்து கிடந்த கிழவிக்கு உடம்பு துடைக்கும்போதும் மறைப்புத் தட்டியை இழுத்துவைத்துவிட்டு, “பாட்டி, இந்தப் பக்கம் திருப்புறேன், கொஞ்சம் சில்லுனு இருக்கும்” என்று சொல்லிய பிறகே கையை வைப்பார். மற்றவர் கைத்திறத்தில் சிறிதும் குறைந்தவரல்லர். ஆனால் அவருக்கு நோயாளிகள் எல்லோரும் ‘பதினாலாம் பெட்’, ‘பதினஞ்சாம் பெட்’ தான். மாணவிகளோ இருவரிடமும் கற்றார்கள். முன்னவரோடு டூட்டி பார்த்தவர்கள் தாமாகத் தட்டியை இழுத்தார்கள். பின்னவரோடு பார்த்தவர்கள் சில நாட்களிலேயே எண் சொல்லிக் கூப்பிடப் பழகிவிட்டார்கள். பின்னவரையும் நான் குறை சொல்லத் துணியேன். இரவு முழுதும் அத்தனை கட்டில்களுக்கும் ஒருவராக ஓடுகிறவருக்குப் பெயர்களை நினைவு வைத்துக்கொள்ள அவகாசம் எங்கே? ஆட்களைக் குறைத்து வைத்துவிட்டு அன்பைப் பெருக்கச் சொல்லும் நிர்வாகங்கள் நம் நாட்டில் ஏராளம்.

பற்றாக்குறை இன்று நேற்று வந்ததன்று. ஏறக்குறைய 43,000 பேருக்கு ஒரு செவிலியர் என்ற விகிதத்தை 1946இல் நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்த போர் (Bhore) கமிட்டியின் அறிக்கை எடுத்துக்காட்டியது. அதே ஆண்டில்தான் வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் வளர்த்த ஸ்தாபனத்திலும் டில்லியிலும் செவிலியர் கல்வி பட்டப்படிப்பாக உயர்ந்தது. பட்டம் வந்ததால் ஊராரின் பார்வை உடனே மாறிவிடவில்லை. ‘நைட் டூட்டி உண்டா?’ என்று முகம் சுளித்துக் கேட்ட சம்பந்திகளைத் தாண்டித்தான் ஒரு தலைமுறைப் பெண்கள் இந்தத் தொழிலைத் தம்முடையதென்று சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

அனுராகத்தைப் பற்றித் தொடங்கிய எனக்கு, அது பெரும்பாலும் கனிந்த சொல்லாகவோ புன்னகையாகவோ வெளிப்படுவதில்லை என்பதே கடைசியில் தெரிந்தது. டெம்பரேச்சர், நாடி, மூச்சு மூன்றையும் பார்த்துக் கேஸ் ஷீட்டில் எழுதவேண்டும் அல்லவா? முதல் இரண்டையும் பார்த்துவிடுவார்கள். மூச்சை முழுதாக ஒரு நிமிஷம் நின்று எண்ணுவதற்குப் பொறுமை வேண்டும். எண்ணாமலே இருபது என்று எழுதினால் கேட்பாரில்லை. எத்தனையோ கேஸ் ஷீட்டுகளில் கட்டில்தோறும் அதே இருபது வரிசையாக நிற்பதைக் காணலாம். ஓரிரவு, மாணவி ஒருத்தி அந்தக் கட்டத்தை மட்டும் வெறுமையாக விட்டுக் கொண்டுவந்து, “எண்ணலை சிஸ்டர், பாட்டி பேசிக்கிட்டே இருந்தாங்க” என்று மெல்லச் சொன்னாள். தட்டி இழுத்துவைக்கும் அந்த மூத்தவர் அவளைக் கண்டிக்கவுமில்லை, மெச்சிக்கொள்ளவுமில்லை. தாம் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தாமலே, “பேசி முடிக்கட்டும், கூடவே இரு. அப்புறம் நாடி பாக்கிற மாதிரியே கையைப் பிடிச்சுக்கிட்டு எண்ணு. மூச்சைத்தான் எண்ணுறேன்னு தெரிஞ்சா பாட்டி மாத்தி விட ஆரம்பிச்சிடுவாங்க” என்றார்.